மறந்து குடித்த தண்ணீர்

1

இந்தக் கதை ஒரு டம்ளர் தண்ணீரிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எவர்சில்வர் டம்ளர், விளிம்பில் ஓரிடம் நெளிந்தது. அதில் முக்கால் அளவுக்குத் தண்ணீர். ஒரு பெண்மணி அதை வாங்கி மூன்று மடக்கில் குடித்தார். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனார். நடந்தது அவ்வளவுதான்.

ஆனால் அவர் அன்று நோன்பு வைத்திருந்தார். கிழக்கு வெளுக்கும் முன்னால் தொடங்கி, சூரியன் மறைகிற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது. அது அந்த அறையில் அவரைத் தவிர ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவருக்கும் தெரியவில்லை. மறந்துவிட்டார். ஆக, அந்த மூன்று மடக்கு நேரமும் அவருடைய நோன்பு முழுக்க இன்னொருத்தியின் தலையில் இருந்தது.

அந்த இன்னொருத்தி என்ன செய்தாள் என்பதுதான் கதை. இதை நான் எழுதுவது இது நாலாவது தடவை. முந்தைய மூன்றும் இதே நோட்டில்தான் இருக்கின்றன. கிழிக்கவில்லை. ஒரு தாளைக் கிழித்தால் அதன் ஜோடித் தாளும் கழன்று கையோடு வந்துவிடும், அதில் வேறு ஏதாவது நன்றாக எழுதியிருப்பேன்.

2

இந்தத் தடவையின் முதல் தொடக்கம்: "நோன்பு என்பது மனிதனைப் பண்படுத்தும் ஓர் உயரிய"

(அடித்துவிட்டேன். இது பள்ளிக்கூடக் கட்டுரை. இப்போது எனக்கு மதிப்பெண் போட யாரும் இல்லை, நல்லதாகப் போயிற்று.)

இரண்டாவது: "சூரியன் சுட்டெரித்துக்கொண்டிருந்தது. தாகத்தில் அவள் தொண்டை"

(இதுவும் பொய். அந்த அறைக்குள் சூரியன் வந்ததே இல்லை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். அங்கே சுடுவது இஸ்திரிப்பெட்டி மட்டும்தான்.)

மூன்றாவது: "மாமி இஸ்திரி போடுகிறவர்."

இது இருக்கட்டும்.

மாமி இஸ்திரி போடுகிறவர். பேட்டரி கடைக்கு மேலே, முதல் மாடியில், சட்டை தைக்கிற பட்டறை. ஒன்பது தையல் மெஷின், ஓரம் அடிக்க ஒரு ஓவர்லாக், பட்டன் துளை போட ஒரு காஜா மெஷின். எல்லாவற்றுக்கும் கடைசியில் மாமியின் மேஜை. தைத்து முடித்த சட்டை அவர் கையில் ஒரு தடவை புரண்டு எழுந்தால்தான் அது கடைக்குப் போகிற சட்டை. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. நீராவி முகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். ஐம்பது வயதில் அவர் முகம் மட்டும் எப்போதும் இப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி இருக்கும்.

மாமிக்குப் பக்கத்து ஸ்டூலில் பட்டன் வைக்கிற பெண். மாமியின் நாத்தனார் மகள். பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார்கள், மணியடிக்கிற வரைக்கும் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சத்தம் வரவில்லை. மறுநாளும் அதே. மூன்றாம் நாளும் அதே. நாலாம் நாள் அவள் போகவில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு மாமி வந்து, "வீட்ல உக்காந்து சுவத்தைப் பாக்கிறதுக்கு, எங்கூட வந்து சட்டையைப் பாரு" என்று கையோடு கூட்டிக்கொண்டு போனார். பட்டறையில் அவளுக்கு மூடி என்று பெயர். ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் அக்கா வைத்த பெயர் அது. "பேனா மூடியாச்சும் கழட்டினா கழண்டு வரும். இது வராதுப்பா." அந்த அக்காவுக்குப் பெயர் ரேடியோ. அதை யார் வைத்தது என்று தெரியாது, எல்லோரும் சேர்ந்து வைத்திருக்க வேண்டும்.

மூடி நான்தானா என்று கேட்கத் தோன்றும்.*

* தோன்றினால் கேட்காமல் இருங்கள். அதுவும் ஒரு நோன்புதான்.

3

அது ரமலான் மாதம் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் கதை புரியாது.

ரமலானில் நோன்பு வைப்பது ஒரு விதத்தில் சுலபம். ஊரே பட்டினி, ஊரே ஒன்றாக எழும், சூரியன் மறைந்ததும் ஒன்றாக நோன்பு திறக்கும். மறந்துபோய்த் தண்ணீர்ப் பானைப் பக்கம் போனால்கூட யாராவது சட்டையைப் பிடித்து இழுப்பார்கள். ஆனால் பெண்களுக்கு விடுபடுகிற நாட்கள் இருக்கின்றன. மாதாமாதம் வருகிற நாட்களில் வைக்கக் கூடாது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது, பால் கொடுக்கும்போது முடியாவிட்டால் விடலாம். விட்டதைப் பிறகு, வேறு மாதத்தில், தனியாக வைத்துத் தீர்க்க வேண்டும். அதற்குக் கழா என்று பெயர். ஊரெல்லாம் சாப்பிடுகிற சாதாரண வியாழக்கிழமையில், எதிரில் ஒருத்தி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கதை பேசுகிற நேரத்தில், யாருக்கும் சொல்லாமல் வைக்கிற நோன்பு அது.

மாமி மூன்று பிள்ளை பெற்றவர். அந்த வருஷங்களில் விட்டது அப்படியே நின்றுபோயிற்று. போன வருஷம்தான் உட்கார்ந்து யோசித்து, எழுபத்து நாலு என்று முடிவுக்கு வந்தார். ஒரு முழ ஓரத்துணி எடுத்து, அதில் எழுபத்து நாலு குண்டூசி குத்திச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார். திங்களும் வியாழனும் நோன்பு; பட்டறையில் மூடியைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை, சாப்பாட்டு நேரத்தில் தொழப் போய்விடுவார். சாயங்காலம் திறப்பதற்கு முன்னால் ஓர் ஊசியைப் பிடுங்கி மேஜை டப்பியில் போடுவார்.

பாதியில் வந்ததுதான் சிறுநீரகக் கல். ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது, எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எடுத்த பிறகு வாழ்நாள் முழுக்கக் காலையிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், இனி நோன்பு என்ற பேச்சே கூடாது. மாமி இரண்டு தடவை தேதியைத் தள்ளிப்போட்டார். மாமா கெஞ்சிப் பார்த்தார்.

"முடியாதவங்க ஏழைக்குச் சாப்பாடு குடுத்தாப் போதும்னு மார்க்கத்துலயே இடம் இருக்கேம்மா."

"முடியாதவங்களுக்கு. எனக்கு இன்னும் பதினோரு ஊசி முடியும்."

"பிடிவாதம்."

"யாரோ சாப்பிட்டா என் வயிறு எப்படிங்க காயும்? நான் விட்டதை நான் வைக்கிறேன். அப்புறம் டாக்டர் சொல்றபடி தண்ணியிலயே மிதக்கிறேன்."

இந்த வியாழன் கடைசி ஊசி. மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். மூன்றாவது தடவை தள்ளினால் அந்தப் பக்கத்துச் சிறுநீரகம் போய்விடும் என்று டாக்டர் மாமாவிடம் தனியாகச் சொல்லியிருந்தார். மாமா அதை மூடியிடம் சொன்னார். ஏன் அவளிடம் என்றால், எதைச் சொன்னாலும் வெளியே போகாத இடம் அது ஒன்றுதான்.

4

மத்தியானம் இரண்டு மணி. சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லோரும் மெஷினுக்குத் திரும்பியாயிற்று. ரேடியோ தண்ணீர்க் கேனைச் சாய்த்து டம்ளரில் பிடித்துக்கொண்டே பேசினாள்.

"எங்க வீட்டுக்காரர் நேத்து என்ன சொன்னார் தெரியுமா மாமி? உன் மெஷினுக்காவது எண்ணெய் போட்டா சத்தம் நிக்குது, உனக்கு என்ன போடறதுன்னார்."

"நீ என்ன சொன்னே?"

"நகை போடுங்கன்னேன். இந்தாங்க, குடிங்க."

மாமி சிரித்தார். சிரித்துக்கொண்டே கையை நீட்டி டம்ளரை வாங்கினார். முப்பது வருஷம் இஸ்திரி போட்ட கை, தண்ணீர் நீட்டினால் வாங்கும் கை. அதற்கு நோன்பு தெரியாது.

மூடி பார்த்தாள். ஊசி பட்டனின் இரண்டாவது துளைக்குள் பாதி போயிருந்தது. டம்ளர் உதட்டுக்குப் போவதற்குள் "மாமி" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். இரண்டே எழுத்து. முதல் மடக்கு. "மா" என்றாவது சொல்லியிருக்கலாம். இரண்டாவது மடக்கு. மூன்றாவது.

"அப்பாடா," என்றார் மாமி. டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த சட்டையை விரித்தார்.

இப்போது நினைவு வந்துவிடும், இப்போது நினைவு வந்துவிடும் என்று மூடி நாலு சட்டைகளுக்குப் பட்டன் வைத்தாள். மாமிக்கு நினைவு வரவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இன்னிக்கு என்னமோ அவ்வளவா தெரியலடி, பசியே இல்ல," என்று அவள் காதோடு சொன்னார்.

5

இந்த இடத்தில்தான் முந்தைய மூன்று தடவையும் தடுமாறினேன்.

முதல் தடவை இப்படி எழுதியிருந்தேன்: "மாமியின் வறண்ட உதடுகளைப் பார்த்து இரக்கம் மேலிட, மூடி மௌனம் காத்தாள்." படிக்க நன்றாகத்தான் இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது. அவள் உண்மையிலேயே இரக்கத்தால் சும்மா இருந்தாளா? பள்ளிக்கூடத்தில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாளே, அப்போது யார் மேல் இரக்கம்? தொண்டை அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான். அடைத்துக்கொண்ட தொண்டைக்கு இரக்கம் என்று நல்ல பெயர் வைப்பது எழுதுகிறவர்களுக்குக் கைவந்த வேலை. அடித்துவிட்டேன்.

ரேடியோவிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. கதைக்கு யாராவது தண்ணீர் கொடுத்தாக வேண்டும் என்பதற்காக அவளைக் கூப்பிட்டுவிட்டேன் என்று தோன்றும். ஆனால் அவள் நிஜமாகவே எல்லோருக்கும் தண்ணீர் கொடுப்பவள். தன் வாய் காய்வதால் ஊர் வாயெல்லாம் காயும் என்று நினைப்பவள். அதனால் விட்டுவைத்தேன்.

இன்னொன்று சொல்ல விட்டுப்போயிற்று. அன்று மூடியும் நோன்பு. அவளுக்கும் விட்டது ஆறு இருந்தது, மாமியின் கடைசி நாளில் ஒன்றைச் சேர்த்து வைத்தாள், துணைக்கு. மாமிக்கே தெரியாது. மத்தியானம் டப்பாவை ரேடியோ பக்கம் தள்ளி வைத்தாள், அது தானாகக் காலியாயிற்று. "சாப்பிட்டியாடி?" என்று யாரோ கேட்டதற்குத் தலையை ஆட்டினாள்.*

* எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று அவளுக்கே நினைவில்லை. தலையாட்டல் பொய்யில் சேருமா என்பது இன்னொரு நாள் கேட்கவேண்டிய கேள்வி.

நோன்பை யாராலும் பார்க்க முடியாது. தொழுகிறவரைப் பார்க்கலாம், கொடுக்கிறவரைப் பார்க்கலாம். நோன்பாளி சும்மா இருக்கிற ஆள் மாதிரிதான் இருப்பார். உள்ளே நடப்பது அவருக்கும் இறைவனுக்கும் மட்டும். யாரிடமும் காட்டாத நோட்டு மாதிரி. அதனால்தான் எனக்கு அதைப் பிடிக்கும். அதனால்தான் இதில் நடுவில் மாட்டிக்கொண்டவளை எப்படியாவது வெளியே கொண்டுவந்தே தீருவது என்று இந்த நாலாவது தடவையைத் தொடங்கினேன்.

6

மூடிக்குப் பாதி சட்டம் தெரியும். மறந்து குடித்தால் நோன்பு முறியாது என்று சின்ன வயதில் மதரஸாவில் கேட்டிருக்கிறாள். ஆனால் அது ரமலானுக்கு மட்டுமா, கழாவுக்கும் உண்டா? ஒருத்தி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டால்? கேட்டுவிட வேண்டியதுதான் என்று மூன்றரை மணிக்கு முடிவு செய்தாள். யாரிடம் என்றால், பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற ஹஜ்ரத்திடம். தொழுகை நேர அட்டவணையைப் போனில் படமெடுத்து வைத்திருந்தாள், அதன் அடியில் நம்பர் இருந்தது.

சட்டைக்குள் வைக்கிற அட்டை ஒன்றை எடுத்தாள். பேசவேண்டியதை அதில் எழுதினாள். எழுதினால் அவளுக்கு வரும். மாடிப்படியின் திருப்பத்தில் நின்று நம்பரை அழுத்தினாள்.

"ஹலோ."

அவளுக்குச் சத்தம் வரவில்லை.

"ஹலோ, யாருங்க? சத்தமே வரலியே. மைக் ரிப்பேர் ஆளுங்களா? நாளைக்கு வாங்க, இன்னிக்கு அது நல்லா இருக்கு."

வைத்துவிட்டார். மூடி அட்டையைப் பார்த்தாள். கீழே பேட்டரி கடையில் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மறுபடி அழுத்தினாள். இந்தத் தடவை "ஹலோ" வருவதற்கு முன்பே வாசிக்கத் தொடங்கினாள், ஒரே மூச்சில், நிறுத்தற்குறி எதையும் மதிக்காமல்.

"அஸ்ஸலாமு அலைக்கும் எங்க மாமி கழா நோன்புல மறந்து ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டாங்க நோன்பு இருக்கா இல்லியா."

"வ அலைக்கும் ஸலாம். மெதுவாம்மா, நான் எங்கயும் போகல. மறந்துதானே குடிச்சாங்க?"

"ஆமா."

"அப்ப இருக்கு. கழாவா இருந்தாலும் இருக்கு. அல்லாஹ் குடுத்த தண்ணின்னு நெனச்சுக்கச் சொல்லு."

"அவங்களுக்கு இன்னும் தெரியாது. நான் பாத்துட்டு இருந்தேன். சொல்லல."

"ம்."

"பாத்தவங்க சொல்லணுமா?"

"குடிக்கிறவங்க தெம்பானவங்கன்னா ஞாபகப்படுத்தணும். தளந்தவங்கன்னா, போகட்டும், குடிக்கட்டும்னு விடலாம்னு பெரியவங்க சிலர் சொல்லியிருக்காங்க."

இது அட்டையில் இல்லாத இடம். அடுத்த கேள்வியை அவள் எழுதிவைக்கவில்லை. ஆனாலும் வந்தது.

"தெம்பா, தளந்தவங்களான்னு யாரு முடிவு பண்றது?"

எதிர்முனையில் மின்விசிறியை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"பாக்கிறவங்கதாம்மா."

7

சரி, இப்போது மூடிக்குத் தெம்பு வந்துவிட்டது. சட்டப்படி நோன்பு நிற்கிறது. சொல்லாமல் இருந்ததிலும் பெரிய குற்றம் இல்லை. சாயங்காலம் மாமி ஊசியைப் பிடுங்குவார், காலையில் ஆஸ்பத்திரிக்குப் போவார். இங்கேயே முடித்திருப்பேன், ரேடியோ விட்டிருந்தால்.

ஆறு மணிக்கு மெஷின்கள் நின்றன. எல்லோரும் கிளம்பினார்கள். நோன்பு திறக்க, மாலைத் தொழுகைக்கு அழைக்கும் பாங்குக்கு இன்னும் இருபது நிமிஷம், அதனால் மாமி மேஜையிலேயே இருந்தார். இரண்டு பேரீச்சம்பழம், மூடிய பாட்டிலில் தண்ணீர், சுருட்டிய ஓரத்துணி. பையை மாட்டிக்கொண்டு வந்த ரேடியோ நின்றாள்.

"என்ன மாமி, பேரீச்சம்பழமெல்லாம் வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க?"

"நோன்புடி இன்னிக்கு."

"அட. சொல்லவே இல்ல. அப்ப மத்தியானம் நான் தண்ணி"

அப்போது மூடியின் பட்டன் டப்பா விழுந்தது.

(கை பட்டு விழுந்ததா, கையால் விழுந்ததா? நாலு தடவையும் இதை நான் முடிவு செய்யவில்லை. நாலு தடவையும் அது விழுந்துவிட்டது.)

ஆயிரம் பட்டன்கள் தரையெங்கும் ஓடின. "போச்சு, மூடி கழண்டுபோச்சு," என்றாள் ரேடியோ. தன் நகைச்சுவையில் தானே மயங்கி, குனிந்து பொறுக்கத் தொடங்கினாள். பொறுக்கி முடிக்கும்போது அவளுக்குப் பேருந்து நினைவு வந்தது, தண்ணீர் மறந்துபோயிற்று. "வரேன் மாமி. நாளைக்கு ஆஸ்பத்திரியில பாக்கிறேன்," என்று படியிறங்கிப் போனாள்.

மாமி துணியை விரித்தார். ஒரு முழத் துணி. அதில் ஒற்றைக் குண்டூசி. இரண்டு விரலால் அதன் தலையைப் பிடித்தார். பிடித்த கை நின்றது.

"அவ தண்ணின்னு என்னமோ சொல்ல வந்தாளே."

மூடி பட்டன்களைக் கறுப்பு வேறு, வெள்ளை வேறு என்று பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏய். இங்க பாரு. மத்தியானம் நான் தண்ணி குடிச்சேனாடி?"

8

முடிவுகள்.

"இல்ல மாமி." இது சுலபமான முடிவு. ஒரு சொல். ஊசி வெளியே வரும், கல் வெளியே வரும், எல்லோரும் நன்றாக இருப்பார்கள். ஆனால் சும்மா இருப்பதற்கு இடம் கொடுத்த மார்க்கம், கேட்ட பிறகு பொய் சொல்வதற்கு இடம் கொடுக்கவில்லை. நோன்பு வைத்துக்கொண்டு பொய் சொன்னால் கடைசியில் மிஞ்சுவது பட்டினி மட்டும்தான் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மாமியின் நோன்பைக் காப்பாற்றத் தன் நோன்பைக் கொடுத்துவிடலாமே என்றும் யோசித்தேன். பெரிய தியாகம் மாதிரி இருந்தது. பெரிய தியாகம் மாதிரி இருக்கும் பொய்களை நான் நிறைய எழுதியிருக்கிறேன், முந்தைய நோட்டுகளில்.

"ஆமா மாமி." இதுவும் ஒரு சொல்தான். மாமியை எனக்குத் தெரியும், சந்தேகம் வந்த நோன்பைக் கணக்கில் வைக்க மாட்டார். "முழு டம்ளரா?" என்பார். கை ஊசியிலிருந்து எடுபடும். "அப்ப திங்கக்கிழமை இன்னொண்ணு வெச்சிடறேன். ஆஸ்பத்திரி எங்கயும் ஓடிடாது." தேதியைத் தள்ளுவது மூன்றாவது தடவை. இந்த முடிவை எழுத என் கை வரவில்லை.

அந்த நொடி பார்த்துப் பாங்கு ஒலித்துவிட்டது என்று எழுதலாம். பள்ளிக்கூடத்தில் மணியடித்தால் உட்காரலாமே, அந்த மாதிரி. இதை எழுதவே மாட்டேன். பாங்குக்கு இன்னும் நாலு நிமிஷம் இருக்கிறது, அதில் ஒரு நொடியைக்கூடக் குறைக்கப்போவதில்லை.

மிச்சம் இருப்பது நீளமான முடிவு. ஆமா என்று தொடங்கி, அங்கே நிற்காமல், மாமி குறுக்கே பேசினாலும் நிற்காமல், கடைசிவரை போகவேண்டியது. குடித்தீர்கள், மறந்து குடித்தீர்கள், நான் பார்த்தேன், சொல்லவில்லை, ஹஜ்ரத்திடம் கேட்டேன், நோன்பு நிற்கிறது, நீங்கள் தளர்ந்தவர்தான், அதை முடிவு செய்தது நான்தான், நாளைக்கு எட்டு மணிக்கு நீங்கள் போகிறீர்கள். எண்ணிப் பார்த்தேன், ஒன்பது வாக்கியம். ஒரே நாளில் அவ்வளவு பேசியதில்லை அவள். எழுதிவைத்த அட்டையும் இல்லை. அந்த அட்டை ஒரு சட்டைக்குள் மடிந்து எங்கோ பெட்டியில் கிடக்கிறது.

மூடி பட்டன்களைக் கீழே வைத்தாள். ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றாள். நின்றால் தொண்டை அடைக்கும் என்று தெரிந்தும் எழுந்து நின்றாள். நோன்பு திறப்பதற்கு நாலு நிமிஷம் முன்னால் வாயைத் திறந்தாள்.

"மாமி. ஆமா. முழுசாக் கேளுங்க."

மற்றதை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் மனசுக்குள் படித்துவிட்டுப் போய்விடுவீர்கள். இத்தனை பக்கமும் அப்படித்தானே படித்தீர்கள், சத்தமில்லாமல்? அந்த ஒன்பது வாக்கியங்களும் மேலே இருக்கின்றன, எழுத்துத் தமிழில், விறைப்பாக. அதைப் பேச்சாக்கி, மாமி நம்புகிற மாதிரி நீங்கள்தான் சொல்ல வேண்டும். எந்த இடத்தில் மாமி முறைப்பார், எந்த இடத்தில் குரல் உடையும் என்பதெல்லாம் சொல்லிப் பார்த்தால்தான் தெரியும். சரியாகச் சொன்னால் அந்த ஊசி வரும். நடுவில் நிறுத்தினால் வராது.

மாமி இன்னும் ஊசியின் தலையைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

எழுந்து நில்லுங்கள்.